ஒரே கேள்வியைச் சுமந்த இருவர்



ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய தலைமுறைக்கு வேதியியல் புதிதல்ல. பாலில் ஃபார்மிக் ஆசிட் கலந்து, உறையவிட்டு, சீட்டாக இழுத்தவர்கள் நம் பெற்றோர். அவர்கள் பிள்ளைகள் முன்னால் இரண்டு வேதியியலாளர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஒருவர் டி.ஆர். சேஷாத்ரி. 1900இல் குளித்தலையில் பிறந்து, இராமகிருஷ்ண மிஷன் கைகொடுக்க, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். மற்றவர் இங்கிலாந்தின் ராபர்ட் ராபின்சன். 1947இல் நோபல் பரிசு பெற்றவர். மான்செஸ்டரில் 1927இல் சேஷாத்ரி அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஆள்பவர் நாட்டு ஆசிரியர், ஆளப்படும் நாட்டு மாணவர். அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமா?

அங்கே சேஷாத்ரி கைவைத்தது மலேரியா மருந்திலும் பூக்களின் நிறப்பொருளிலும். மலேரியாவுக்கு எத்தனை பேரைப் பறிகொடுத்தோம் என்று தோட்டத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ராபின்சன் 1917இலேயே ட்ரோபினோன் என்ற பொருளைத் தண்ணீரில், சாதாரண வெப்பத்திலேயே செய்துகாட்டியவர். செடிக்கு அடுப்பு ஏது? அது எப்படிச் செய்கிறது என்று யோசித்தார். அந்தக் கேள்வியைத்தான் சேஷாத்ரி கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுவந்தார். திரும்பும் முன் ஆஸ்திரியாவில் ஃபிரிட்ஸ் பிரெகலிடம், சில மில்லிகிராம் பொருளை எரித்தே அதிலுள்ள கார்பனையும் ஹைட்ரஜனையும் அளக்கும் வித்தையையும் கற்றார்.

1934இல் அவர் சேர்ந்த இடம் வால்டேர், ஆந்திரப் பல்கலைக்கழகம். பருத்திப் பூ, பூவரசம்பூ, இவைதான் அவருடைய மூலப்பொருள். கூடை கூடையாகப் பூ வேண்டும், கிடைப்பதோ கொஞ்சம் மஞ்சள் தூள். அதை வைத்துக்கொண்டு, செடி ஆக்சிஜனை எப்போது சேர்க்கிறது, மீதைல் என்ற அணுத்தொகுதியை எங்கே ஒட்டுகிறது என்று படிப்படியாக எழுதினார். 1949இல் டெல்லிக்குப் போன பிறகும் அதே கேள்விதான்.

1960இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ராபின்சன் ஐந்தாண்டு தலைமை தாங்கிய சபை அது. 1975 பிப்ரவரியில் ஆசிரியர் மறைந்தார், செப்டம்பரில் மாணவர். பட்டங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு இருவரையும் ஒரே கேள்வி கட்டிவைத்திருந்ததுதான்.

ஆசிரியர்களே, ஒரு வேண்டுகோள். செம்பருத்தி நம் மலேசியாவின் தேசிய மலர். ராபின்சன் ஆராய்ந்த அந்தோசயனின் என்ற நிறப்பொருள் அதில் இருக்கிறது. இதழை வெந்நீரில் ஊறவையுங்கள். அந்த நீரை இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சைச் சாறும் இன்னொன்றில் ஆப்பசோடாவும் சேருங்கள். ஒன்று சிவக்கும், மற்றது பச்சையாகும். ஏன் என்று கேட்கும் பிள்ளை எஸ்.பி.எம். தேர்வு முடித்து வெளியூர் போனாலும், அவனோடு பேச்சை விட்டுவிடாதீர்கள்.