ஊதா மஞ்சளானா போதுமா?

"ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது, பக்கவிளைவு இல்லாதது." மூலிகைப் பொடி டப்பாவுல இந்த ரெண்டு வரியும் ஜோடியாத்தான் வரும். இதையெல்லாம் லேப்ல எப்படி டெஸ்ட் பண்றாங்க?

முதல்ல ஆன்டிஆக்ஸிடன்ட். இதுக்கு ரொம்பப் பரவலா பண்றது டிபிபிஎச் டெஸ்ட். டிபிபிஎச் ஒரு ஃப்ரீ ராடிக்கல். மெத்தனால்ல கரைச்சா அடர் ஊதா. அதுல மூலிகைச் சாற்றை விட்டு இருட்டுல அரை மணி நேரம் வைப்பாங்க. சாறு ஹைட்ரஜனைக் கொடுத்தா ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்துச்சுன்னு 517 நானோமீட்டர் ஒளியில அளந்து, வைட்டமின் சி-யோட ஒப்பிடுவாங்க. செலவு கம்மி, சீக்கிரம் முடியும், ரிசல்ட் கண்ணுக்கே தெரியும். வீட்டு டீத்தூளை விட்டாக்கூட அழகா மஞ்சளாகும்!

ஆனா டிபிபிஎச் நம்ம உடம்புல இருக்கிற பொருளே இல்லை. சாற்றைக் குடல் உறிஞ்சுமா, கல்லீரல் அதை என்னவா மாத்தும், இதெல்லாம் அந்தக் குழாய்க்குத் தெரியாது. நம்ம பாஷையில சொன்னா, யூனிட் டெஸ்ட் பாஸ், ப்ரொடக்‌ஷன் பக்கம் யாரும் போகவே இல்லை. அமெரிக்க வேளாண் துறை ஓராக்-னு இதே மாதிரி ஒரு டெஸ்ட்டோட எண்களை உணவுவாரியா வெப்சைட்ல போட்டிருந்தது. 2012-ல மொத்தமா தூக்கிட்டாங்க. அந்த எண்ணுக்கும் மனுஷ உடல்நலத்துக்கும் தொடர்பு நிரூபணமாகலை, கம்பெனிகளோ அதை விளம்பரத்துக்கு எடுத்துக்கிட்டாங்க.

அடுத்து, எனக்கு நிஜமாவே கவலை தர்ற 'பாதுகாப்பானது'. ஆய்வறிக்கைகள்ல அடிக்கடி வர்ற ஓஇசிடி 423 டெஸ்ட்ல, ஒரு சுற்றுக்கு 3 எலி. உடல் எடையில கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை ஒரே ஒரு டோஸ். அப்புறம் 14 நாள் கவனிப்பு. எலி பிழைச்சா பாஸ். நாம பொடியை அப்படியா சாப்பிடுறோம்? மாசக்கணக்கா, தினமும் காலையில. அதுக்கு 28 நாள், 90 நாள் டெஸ்ட்டுகள் தனியா இருக்கு, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்ப்பாங்க. செலவும் நாளும் கூட.

கொரோனா காலத்துல எதிர்ப்பு சக்திக்குன்னு சீந்தில் குடிச்சவங்கள்ல 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததா 2021-ல மும்பை டாக்டர்கள் எழுதினாங்க. அது வேற செடியா இருக்கலாம்னு ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. சரி, அப்படியே வெச்சுப்போம். பொடியா அரைச்ச பிறகு எது எந்தச் செடின்னு நமக்கு எப்படித் தெரியும்?

தினமும் ஏதாவது சூரணம் எடுக்கிறவங்க, டாக்டர் "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?"ன்னு கேட்டா அதையும் சேர்த்துச் சொல்லுங்க. கண்ணு மஞ்சளாச்சுன்னா பொடியை நிறுத்திட்டு அன்னைக்கே போங்க.