பெல்ட் நம்பர் தெரியாமல் ஒன்பது நாள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

மேடையேறிப் பேசுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

நான் இட்லி மாவு வியாபாரம் செய்கிறேன். குழுவில் கடன் வாங்கித்தான் டில்டிங் கிரைண்டர் வாங்கினேன். போன வருஷம் ஒருநாள் மாவு ஆட்டும்போதே பெல்ட் அறுந்து போச்சு. சின்ன வேலைதானே என்று கடைக்குப் போனேன். "நம்பர் சொல்லுங்கம்மா. அளவு மாறினா வழுக்கும், இல்லேன்னா மோட்டாரை இழுக்கும்" என்றார் கடைக்காரர். பெல்ட்டில் இருந்த நம்பர் தேய்ந்து அழிந்திருந்தது. மெஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். படம் இருந்தது, நம்பர் இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டால், "பெல்ட் தனியா தரமாட்டோம், மெஷினைக் கொண்டுவாங்க" என்றார்கள். ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனேன். மோட்டாரையும் சேர்த்து மாத்தணும், மூவாயிரம் ஆகும் என்றார்கள். திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

ஒன்பது நாள் மாவு இல்லை. வாடிக்கைக்காரர்கள் பாக்கெட் மாவுக்குப் போய்விட்டார்கள். நாலு வருஷத்தில் முதல் தடவையாகத் தவணை கட்ட முடியலை. குழு பேர் கெடக்கூடாது என்று நம்ம பெண்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டுக் கட்டினார்கள். அன்னைக்கு நான் தலை நிமிரவில்லை.

கடைசியில் பக்கத்துத் தெருக் குழு அக்கா வீட்டில் அதே மெஷின் இருந்தது. அவங்க பெல்ட்டில் நம்பர் தெளிவாக இருந்தது. கையில் எழுதிக்கொண்டு ஓடினேன். பெல்ட் விலை நூற்று நாற்பது ரூபாய்! அன்று சாயங்காலமே உளுந்து ஊறவைத்தேன். மோட்டார் இன்று வரை ஓடுகிறது.

ரூபாய் இல்லாமல் நான் நிற்கவில்லை அக்கா, ஒரு நம்பர் தெரியாமல் நின்றேன்.

அதற்கப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு போட்டது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தில், அதற்கென ஓர் இணையதளம் திறந்தார்கள். உதிரிபாகம், சர்வீஸ், வாரண்டி விவரங்களைக் கம்பெனிகள் அதில் போடலாம். வீட்டு உபயோகப் பொருளும் அதில் சேர்த்தி.

கம்பெனி சரியாகப் பதில் சொல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை வந்த 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கணும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. "வியாபாரத்துக்கு வாங்கினது, நீங்க நுகர்வோர் இல்லை" என்று யாராவது சொன்னால் பயப்படாதீங்க. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவர்களும் 2019-ம் வருஷச் சட்டப்படி நுகர்வோர்தான். ஆனால் பில் கையில் இருக்கணும்.

நம்ம அளவில் செய்யக்கூடியது மூன்று.

ஒன்று, வாங்கும் முன்பே கேளுங்க: பெல்ட், கப்ளர், கார்பன் பிரஷ் வெளிக்கடையில் கிடைக்குமா? நம்பர் என்ன?

இரண்டு, மெஷின் புதுசாக இருக்கும்போதே மாடல் பெயர், பெல்ட் நம்பர், கெப்பாசிட்டர் அளவு, பில் தேதி எல்லாம் எழுதி வையுங்க. உள்ளே இருப்பதை மெக்கானிக் திறக்கும்போது கேட்டு எழுதுங்க. நீங்களே திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும்.

மூன்று, மிக்ஸி ஓடும்போது திடீரென்று நின்றால் உடனே சர்வீஸுக்குத் தூக்க வேண்டாம். பிளக்கை எடுத்துவிட்டு, ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்திப் பாருங்க. லோடு கூடினால் அதுதான் நிறுத்தும்.

என் வேண்டுகோள் ஒன்றே. ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் உறுப்பினர்களின் மெஷின் விவரங்களை எழுதணும். எங்க குழுவில் பதினான்கு பேருடையது எழுதியாச்சு. இன்னொரு தங்கச்சி ஒரு நம்பருக்காகத் தவணை தவறக்கூடாது.