மடிநோய்: எரர் காட்டாத பக்

புதுக்கோட்டை கிராமங்கள்ல சொசைட்டிக்குப் பால் ஊத்துனா, கொழுப்பும் எஸ்.என்.எஃப்-பும் பார்த்துதான் காசு. ஆனா மடிநோய் ஆரம்பத்துல மடி வீங்காது, பாலும் திரியாது. எரர் காட்டாத பக் மாதிரி. உள்ளே வெள்ளையணுக்கள் ஏறும். ஒரு மில்லிக்கு 2 லட்சம் தாண்டினா தொற்றுன்னு சந்தேகப்படணும். கேசீன் குறையும், உப்பு கூடும். காய்ச்சினா கிருமி சாகும். சிதைஞ்ச கேசீன் திரும்ப வராது.

ஆன்டிபயாடிக் போட்டா, மருந்து வடியுற வரைக்கும் பாலை ஊத்தக் கூடாது. அந்தப் பால்ல தயிர்கூடச் சரியா உறையாது. அதனாலதான் தஞ்சாவூர்ல பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பின மூலிகைப் பூச்சு முக்கியமாகுது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50, சுண்ணாம்பு 15. டாக்டரையும் கேட்டுக்கணும்.

நல்ல பால் கேக்குற நாம, கீழே கொட்டுற பாலுக்கு யார் காசு தர்றாங்கன்னும் கேப்போம்.