கேள்வி கேட்காத பயணி

சென்னை மந்தைவெளியில் பூமிக்கடியில் மெட்ரோ நிலையம் கட்டும் வேலை நடக்கிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகிற மூன்றாம் வழித்தடத்தில் வருகிறது அது. ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிட்டால், போலீசார் எக்ஸ் தளத்தில் அறிவிப்பு போடுகிறார்கள். உடனே கேள்விகள் வந்து விழுகின்றன. பஸ் எங்கே நிற்கும்? ஸ்கூல் வேன் எந்தத் தெருவில் நுழையும்?

மக்கள் தொடர்பு வேலையில் இது பெரிய மாற்றம். 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்தின் புகைப்படங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்து, தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று பெயர் பெற்றார் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். அன்றைக்கு பி.ஆர்.ஓ. திருப்திப்படுத்த வேண்டியவர் பத்திரிகை ஆசிரியர். இன்றைக்குப் பொதுமக்களே நேரடியாகக் கேட்டு மடக்குகிறார்கள். நல்லதுதான். மக்கள் சொல்வதைக் கேட்டு நிறுவனமும் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் க்ரூனிக்கும் ஹன்ட்டும் 1984-லேயே எழுதினார்கள். அதற்கு வழி இப்போதுதான் பிறந்திருக்கிறது.

ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அடையாறு கரை புரண்டது. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல், டிசம்பர் 2 அன்று 'தி இந்து' ஆங்கில நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை. அந்த நாட்களில், தன்னார்வலர்கள் ட்விட்டரில் முகவரிகளைத் திரட்டிப் படகு அனுப்ப உதவினார்கள். அதே நேரத்தில் பல பகுதிகளில் கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்றவர் எதை வைத்து ட்வீட் போடுவார்?

எழுதுகிறவர்களை மட்டும் பார்த்துப் பழகிய அதிகாரிக்கு, எழுதாதவர்கள் கண்ணில் படாமலே போய்விடுவார்கள். விடியற்காலையில் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பூக்காரம்மா, நிறுத்தம் மாறியதை எக்ஸில் பார்ப்பதில்லை. புகாரும் எழுதுவதில்லை. அவர் பழைய இடத்திலேயே நிற்பார். அலுவலகக் கணக்கிலோ புகார் ஒன்றுமில்லை என்று பதிவாகும்.

ஆகவே, அறிவிப்பு எக்ஸில் ஏறும்போதே, பழைய நிறுத்தத்தில் பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தட்டி கட்டுங்கள். முதல் இரண்டு நாள் அங்கே ஓர் ஆளை நிறுத்துங்கள். அவரிடம் ஜனங்கள் கேட்கும் கேள்விகளையும் எழுதி வாங்கி, எக்ஸில் வந்த கேள்விகளோடு சேர்த்து மேலதிகாரியின் மேஜையில் வையுங்கள்.