தொன்மை வரலாறும் நம் இளைஞர் கடமையும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கோச்சடையில் நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், தொன்மை வரலாற்றை நாம் ஏன் பயில வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். கல்லூரியில் நாம் வரலாற்றுப் பாடத்தை எடுத்தபோது, "இதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டனர். கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைப்போர் வேறெதைக் கேட்பர்? அந்தக் கேள்விக்கே இன்று விடை கூற முயல்கின்றோம்.

பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த வரலாறு மன்னர்களின் பட்டியலாகவே இருந்தது. யார் பட்டத்துக்கு வந்தார், யார் எவரை வென்றார் என்று படித்தோம். அப்பட்டியலில் உழுதவனும் இல்லை, நெய்தவளும் இல்லை. கல்லூரியில் ஆதிமனிதர் பற்றிய பாடம் தொடங்கியபோதுதான் நமக்கு வேறொரு கதவு திறந்தது. 1863-ஆம் ஆண்டு பல்லாவரத்தில் இராபர்ட் புரூசு பூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழைமையுடையவை என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அக்கருவியைச் செதுக்கிய கைக்குப் பட்டமும் இல்லை, குலப்பெயரும் இல்லை. உழைப்பு மட்டுமே எஞ்சி நிற்கின்றது.

நம்மைப் போன்ற மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இக்காலத்தை 300 அடி நீளமுள்ள கயிறாக எண்ணிப் பாருங்கள். ஓர் அடிக்கு 1,000 ஆண்டு. பயிர்த்தொழில் தோன்றியது கடைசிப் பத்துப் பன்னிரண்டு அடிக்குள். அதற்கு முன்னே நீண்டு கிடக்கும் கயிறு முழுவதும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் மனிதர் வாழ்ந்த காலமே.

சாதி என்னும் முடிச்சு இக்கயிற்றில் எங்கே விழுந்தது? 1916 மே 9-ஆம் நாள் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுரையைப் படித்தார் அண்ணல் அம்பேத்கர். அப்போது அவருக்கு வயது 25. தன் குழுவுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் வழக்கமே சாதியின் உயிர்நிலை என்று அவர் அதில் நிறுவினார். 97 ஆண்டுகள் கழித்து, 2013-இல், ஐதராபாத்து அறிஞர்களும் ஆர்வர்டு அறிஞர்களும் இணைந்து இந்தியத் துணைக்கண்டத்தின் 73 மக்கட் குழுக்களின் மரபணுவை ஆய்ந்து முடிவு வெளியிட்டனர். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இங்குள்ள மக்கள் பெருமளவில் கலந்து மணந்தனர்; அதன்பின்னரே குழுவுக்குள் மணம் இறுகியது என்பது அம்முடிவு. 300 அடிக் கயிற்றில் கடைசி இரண்டடியில் விழுந்த முடிச்சு இது! தொடக்கம் உடைய எதற்கும் முடிவும் உண்டு. இதுவே தொன்மை வரலாறு நமக்குக் கற்பித்த முதற்பாடம்.

இரண்டாவது பாடம், கேள்வி கேட்பது. மொகஞ்சதாரோவின் கழிவுநீர்க் கால்வாய்களைப் பாடநூல் வியந்து போற்றுகின்றது. அவற்றைத் துப்புரவு செய்தவர் யார் என்று அது கேட்பதில்லை. நம் பிள்ளைகள்தாம் கேட்க வேண்டும். எகிப்தில் மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்க்குக் கூலியாக வரவேண்டிய தானியம் தாமதமானபோது, மூன்றாம் இராமசேசு மன்னனின் 29-ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 12-ஆம் நூற்றாண்டில், அவர்கள் வேலையை நிறுத்திக் கோயிலருகே சென்று அமர்ந்துவிட்டனர். அச்செய்தி எழுதப்பட்ட பாப்பிரசுச் சுவடி இத்தாலியின் துரின் நகரில் இன்றும் உள்ளது. பிரமிடுகளைப் பற்றி ஆயிரம் படித்தவர்க்கும் இது தெரிவதில்லை.

இனி நம் மதுரைக்கு வருவோம். அழகர்மலைக் குகைத்தளத்தில் பழந்தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளில் உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் ஆகியோர் இடம்பெறுகின்றனர். உப்பும் ஏர்க்கொழுவும் துணியும் விற்றோர், மன்னர் பெயர் போலவே கல்லில் நிலைத்துவிட்டனர். கோச்சடையைத் தொட்டோடும் வைகை கிழக்கே செல்லும் வழியில் கீழடி உள்ளது. அங்கு 2015-இல் அகழாய்வு தொடங்கியது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமாதிரி கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று 2019-இல் அறிவிக்கப்பட்டது. நூல் நூற்கும் தக்களிகள், செங்கற் கட்டடங்கள், உறைகிணறுகள், ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானை ஓடுகள் ஆகியன வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த தொல்பொருள்கள் 2023 முதல் அவ்வூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

எனினும் ஒன்று கூறுவோம். பழங்காலம் அனைத்தும் பொற்காலம் என்று மயங்குதல் கூடாது. இழிசினன் என்னும் சொல் சங்க நூலிலேயே வழங்குகின்றது. எகிப்திலும் சுமேரியாவிலும் அடிமைகள் இருந்தனர். பெருமை தேடி வரலாறு படிப்பவன் பாதியை மறைப்பான். உண்மை தேடிப் படிப்பவனுக்கே வரலாறு பயன்படும்.

அகழாய்வுக் குழிகளில் மண்ணை வெட்டிச் சுமப்போர் அக்கம்பக்கத்து ஊர்த் தொழிலாளர்களே. மண்வெட்டி பிடிக்கும் கை அறிக்கை எழுதும் பேனாவையும் பிடிக்க வேண்டாமா? தொல்லியலிலும் கல்வெட்டியலிலும் முதுநிலைப் பட்டயப் படிப்பைத் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையே நடத்துகின்றது. உத்தியோகம் உண்டா என்று கேட்ட பெரியோர்களே, உண்டு. அதனினும் மேலாக, "நீ பிறப்பால் தாழ்ந்தவன்" என்று எவரேனும் கூறினால், "அதற்கு எந்த மண்ணடுக்கில் சான்று?" என்று கேட்கும் துணிவும் உண்டு.

ஆகவே, இவ்விழா ஆண்டில் சங்கம் இரண்டு பணிகளை மேற்கொள்ள வேண்டுகின்றோம். உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளைக் கீழடிக்கும் அழகர்மலைக்கும் அழைத்துச் செல்லுதல் ஒன்று. ஆண்டுதோறும் ஒரு மாணவரையேனும் ஒரு மாணவியையேனும் வரலாறு பயில ஊக்குவித்துப் பொருளுதவி செய்தல் மற்றொன்று. பொன்விழா மலரில் அவர்கள் எழுதிய கட்டுரைகளை நாம் படிப்போமாக!