கை காத்த மருத்துவர்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஸ் மெஷினிலும் ரோலிங் மில்லிலும் பணிபுரியும் பிள்ளைகள் இல்லாத தெரு நம் மஹல்லாவில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் அவர்களுள் ஒருவருக்குச் சுட்டுவிரல் துண்டானது. உடனிருந்தோர் பதற்றத்தில் அவ்விரலை ஐஸ்கட்டிகளுக்குள் அப்படியே புதைத்து எடுத்துச் சென்றனர். உறைந்து கெட்டுவிட்ட விரலை இனி இணைக்க இயலாது என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். அன்று உடன் சென்றிருந்த நமக்கு அது ஆறாத வருத்தம். ஆகவேதான் இன்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பற்றிப் பேச விழைகிறோம்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் நடிகர்களின் மூக்கே பலருக்கு நினைவு வரும். பேராசிரியர் ஆர். வெங்கடசாமி அவர்களோ உழைப்பாளியின் கையை நினைத்தார். துறைமுகமும் தொழிற்கூடங்களும் சூழ்ந்த வடசென்னையில், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், 1971இல் கைக்காயங்களுக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார். உயிருக்கு ஆபத்தில்லாத காயம் வரிசையின் கடைசியில் நிற்பது எங்கும் இயல்பு. விரல் போனால் வேலையும் போகும் என்பதை உணர்ந்தவரே அக்காயத்திற்கெனத் தனி வாசலைத் திறக்க முடியும்.

நுனி நசுங்கிய விரலை மேலும் வெட்டிக் குட்டையாக்கித் தைப்பது எளிய வழி. அவரோ விரலின் பக்கவாட்டிலிருந்து முக்கோண வடிவில் தோலையும் சதையையும், அவற்றின் நரம்பு, இரத்தக்குழாய் அறுபடாமல், நுனிக்கு நகர்த்தித் தைக்கும் முறையை வகுத்தார். நீளமும் எஞ்சும், தொட்டுணரும் திறனும் எஞ்சும். டாக்டர் என். சுப்பிரமணியனுடன் இணைந்து 1980இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் இதனை வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் அம்முறை அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆயினும், அவரது தலைமைத்துவத்தை நாம் காண்பது வேறிடத்தில். அவர் தொடங்கிய பிரிவு, கை ஆராய்ச்சி மற்றும் மறுவாழ்வு நிறுவனமாக வளர்ந்தது. மறுவாழ்வு என்ற சொல்லைக் கவனியுங்கள். தைத்த விரலை மடக்கி நீட்டப் பழக்குவதற்கே மாதங்கள் ஆகும். 2018 பிப்ரவரியில் அதே துறையில், டாக்டர் வி. ரமாதேவி தலைமையிலான குழுவினர், இரு கைகளையும் இழந்திருந்த திண்டுக்கல் மாவட்டக் கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் கைகளைப் பொருத்தினர். அடுத்த தலைமுறை அத்துணிவு கொள்ளுமளவுக்குத் துறையை வளர்த்துவைத்தாரே, அதுவன்றோ பெரிது!

இனி, நாம் அன்று அறியாதிருந்ததைச் சொல்லிவிடுகிறோம். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு இறுகக் கட்டி, அப்பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். ஐஸ் விரலில் நேராகப் படலாகாது. குளிரில் காத்த விரல் பல மணி நேரம் தாங்கும். சதை மிகுந்த முன்கை அவ்வளவு தாங்காது. இவ்விவரம் அச்சிட்ட தாள்கள் வாசலருகே மேசையில் உள்ளன. இரவு ஷிப்டுக்குச் செல்வோர் மறவாமல் எடுத்துச் செல்லுமாறு வேண்டுகிறோம்.