பாட்டு வேண்டும், பாடினவன் வேண்டாமா?
(பாலக்கோட்டில் பேசியதன் சுருக்கம்)



இன்று சங்கீதத்தைப்பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். நாம் சங்கீத வித்வான் அல்ல. தாளம் போடத் தெரியாதவனுக்கு இதைப்பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கலாம். நாம் பேசப்போவது சுரத்தைப்பற்றி அல்ல; அந்தச் சுரத்தை முதலில் பாடினவனுக்கு என்ன கிடைத்தது என்பதைப்பற்றித்தான். அதைக் கேட்க யாருக்கும் யோக்கியதை உண்டு.

முதலில் வெகுதூரத்துச் சங்கதி ஒன்று. தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு தேசம் இருக்கிறது. அங்கே ஆண்டீஸ் மலைகளில் பூர்வகுடிகள் ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே லாமா மேய்த்தும், உழுதும், மூங்கில் குழல் ஊதியும் வாழ்ந்து வந்தவர்கள். பட்டணத்துப் பெரியமனிதர்களுக்கு அந்தப் பாட்டு காட்டுக் கூச்சலாகப் பட்டது. டேனியல் அலோமியா ரோப்லஸ் என்பவர் 1871இல் அந்நாட்டில் உவானுகோ என்ற ஊரில் பிறந்தார். வைத்தியப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மலை மலையாய் அலைந்து அந்தப் பாட்டுகளை நூற்றுக்கணக்கில் எழுதிக்கொண்டார். அவற்றில் பெரும்பாலானவை ஐந்து சுரங்களிலேயே ஓடுகின்றன என்று கண்டார். நம் சங்கீதக்காரர்கள் சுத்த தன்யாசி என்று பெயர் வைத்துப் பாடுகிறார்களே, பெரும்பாலும் அந்த ஐந்து சுரங்கள்தான். சுரத்துக்கு ஜாதியும் இல்லை, கடல் தாண்டினால் தோஷமும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

1913இல் அவர் இசையமைத்த நாடகம் ஒன்று லீமா பட்டணத்தில் நடந்தது. சுரங்கத்தில் உழைக்கும் பூர்வகுடிக் கூலிகளுக்கும் வெள்ளை முதலாளிக்கும் நடக்கிற தகராறுதான் கதை. 'எல் காண்டோர் பாசா' என்பது அதன் பெயர். கழுகு பறந்து போகிறது என்று பொருள் சொல்லலாம். அதிலிருந்த ஒரு மெட்டு உலகம் முழுதும் பரவிவிட்டது. 1970இல் அமெரிக்கப் பாடகர்களான சைமனும் கார்ஃபங்கலும் அந்த மெட்டுக்கு இங்கிலீஷில் வார்த்தை போட்டுப் பாடினார்கள். அது யாருக்கும் சொந்தமில்லாத பழைய நாட்டுப்பாட்டு என்பது அவர்கள் நினைப்பு. ஆனால் ரோப்லஸ் அதை 1933இலேயே அமெரிக்காவில் பதிவு செய்திருந்தார். அவருடைய மகன் வழக்குப் போட்டார். விவகாரம் சமாதானமாக முடிந்தது. 2004இல் பெரு அரசாங்கம் அதைத் தேசத்தின் கலாசாரச் செல்வம் என்று பிரகடனம் செய்தது.

இதில் கவனிக்கவேண்டியது என்ன? பதிவு செய்தவருக்குச் சட்டம் இருந்தது. மகனுக்குக் கோர்ட்டு இருந்தது. அவர் காதில் விழுந்த பாட்டையெல்லாம் பாடின ஆட்டுக்காரனுக்கு என்ன இருந்தது? ரோப்லஸைக் குறை சொல்ல வரவில்லை. அவர் போய் எழுதியிராவிட்டால் பல பாட்டுகள் மண்ணோடு போயிருக்கும். ஆனாலும் கேள்வி கேள்விதானே!

சரி, நம் நாட்டுக்கு வருவோம். நம் கிராமத்துப் பாட்டுகளை மெனக்கெட்டுச் சேர்த்தவர்களில் முந்தியவர்கள் யார்? சார்லஸ் கோவர் என்ற வெள்ளைக்காரர். தென்னாட்டு நாட்டுப்பாடல்களைப்பற்றிய அவர் புத்தகம் ரோப்லஸ் பிறந்த அதே 1871இல் வெளிவந்தது. பிறகு பெர்சி மாக்குவீன் என்ற கலெக்டர் சேர்த்து வைத்ததைக் கி.வா. ஜகந்நாதன் 1958இல் 'மலையருவி' என்று பதிப்பித்தார். 1943இல் தமிழிசைச் சங்கம் ஏற்பட்டதே, அப்போது தமிழ்ப்பாட்டைச் சபையில் ஏற்ற எவ்வளவு சண்டை! அந்தச் சண்டை நியாயமானதுதான். ஆனால் அதிலும் தேவாரத்துக்கும் பண்ணுக்கும் கிடைத்த இடம் நடவுப் பாட்டுக்குக் கிடைக்கவில்லை.

அந்த இடத்தை யாரும் தானம் கொடுக்கவில்லை. பண்ணைப்புரத்திலிருந்து ஒருவர் வந்து எடுத்துக்கொண்டார். இளையராஜா 1943இல் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் போய்க் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். 1976இல் 'அன்னக்கிளி' படம் வந்தபோது வயல்காட்டு மெட்டு பட்டணத்து ரேடியோவெல்லாம் பாடிற்று. பிறகு மேல்நாட்டு வாத்தியங்களோடு அதைச் சேர்த்தார். 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறிற்று. அவருடைய பக்தியில் நமக்கு உடன்பாடில்லை. அது இன்றைய விஷயமும் அல்ல. அவருடைய ஜாதியை நாம் கேட்கவில்லை. கேட்பவர்கள்தான் ஐம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்! ரோப்லஸ் மலைக்குப் போய்க் கேட்டு வந்தார். இவரோ பாட்டு பிறந்த இடத்திலேயே பிறந்தவர். இது சிறு வித்தியாசமல்ல. தன் பாட்டுக்குத் தன் உரிமையைக் கேட்டு இவர் வழக்காடுவதைப் பேராசை என்று சிலர் பேசுகிறார்கள். உழைத்தவன் கூலி கேட்டால் பேராசை என்பது மிராசுதார் பேச்சல்லவா?

இனிப் பறையைப்பற்றிச் சொல்லவேண்டும். மரச்சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்து ஒட்டி, வைக்கோல் நெருப்பில் காய்ச்சி, நீண்ட மெல்லிய குச்சி ஒன்றும் குட்டைக் குச்சி ஒன்றுமாக அடிக்கிற வாத்தியம் அது. நெருப்பில் காட்டாவிட்டால் தோல் தளர்ந்துபோகும், சத்தம் எழும்பாது. இவ்வளவு நுட்பம் உள்ள வாத்தியத்தை அடிப்பவனைச் சாவு வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தி, அதே கையால் இழவும் சொல்லவைத்து, எறிந்த காசைப் பொறுக்கவைத்தார்கள். அதனால்தான் மானமுள்ள பல வாலிபர்கள் பறையை உடைத்து எறிந்து, இனி அடிக்கமாட்டோம் என்றார்கள். இன்றோ காலேஜ் பெண்கள் பறை கற்கிறார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இவர்களில் யார் சரி என்று நம்மைக் கேட்கிறார்கள்.

உடைத்தவனும் சரி, கற்கிறவளும் சரி என்பதே நம் அபிப்பிராயம். நீ இந்த ஜாதியில் பிறந்தாய், ஆகையால் நீதான் அடிக்கவேண்டும், நாங்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளவேண்டும் என்பது ஒன்றுதான் தப்பு. அரசியல் சட்டத்தின் 17ஆவது விதி தீண்டாமையை ஒழித்து எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. இன்றும் அடிக்க மறுத்தவனை ஊர்க்கட்டுப்பாடு என்று மிரட்டுகிற இடம் இருக்குமானால், அந்த ஊர்க்காரர் மேடைப் பறைக்குக் கை தட்டுவதில் என்ன அர்த்தம்? வேண்டியவன் கற்கட்டும், வேண்டாதவன் விடட்டும், அடிப்பவனுக்கு நாகஸ்வரக்காரனுக்குப் போல முன்பணமும் உட்கார இடமும் பேசி முடியுங்கள்.

இந்தப் பாலக்கோட்டுப் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வரப்பில் கேட்கின்றன. சின்னாற்றுத் தண்ணீரில் நாற்று நட்ட கிழவிகளும் கரும்பு வெட்டப் போனவர்களும் இன்னும் உங்களோடு இருக்கிறார்கள். நடவு இயந்திரம் வந்ததில் நமக்குச் சந்தோஷமே. குனிந்து முதுகொடிவதில் என்ன பெருமை? ஆனால் அந்தப் பாட்டு அவர்களோடு போய்விடும். பிள்ளைகளின் கையில்தான் போன் இருக்கிறதே, பதிவு செய்யச் சொல்லுங்கள். மாக்குவீன் பெயர் நிற்கிறது, ஜகந்நாதன் பெயர் நிற்கிறது. உங்கள் பதிவில் பாடின கிழவியின் பெயர், ஊர், வருஷம் முதலில் இருக்கட்டும். எழுதினவன் பெயர் அதற்குக் கீழே இருக்கட்டும். நாளைக்கு யாராவது அந்த மெட்டைச் சினிமாவுக்குக் கேட்டு வந்தால், யாரிடம் பேசவேண்டும் என்பதாவது தெரியும்.